கண்ணில் படும்வரை நகராத நினைவூட்டல்

விண்டோஸ் கணினியில் ஓர் அறிவிப்பு திரையின் வலது கீழ் மூலையில் எழுந்து, வழக்கமாக ஐந்து நொடி நின்றுவிட்டுத் தானாகவே உள்ளே போய்விடுகிறது. அந்த ஐந்து நொடியில் நாம் அலமாரியில் கோப்பு தேடிக்கொண்டிருந்தாலும், தொலைபேசியில் பேசியபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாலும், திரையின் நடுவில் உள்ள எண் வரிசையில் கண்ணைப் பதித்திருந்தாலும் அதற்குக் கவலையில்லை. புதிய மின்னஞ்சல் வந்தது, அச்சு முடிந்தது என்பன போன்ற செய்திகளுக்கு இந்த முறை போதும். அவற்றைப் பார்க்காமல் விட்டால் குடி முழுகிவிடாது. ஆனால் பதினொன்றரை மணிக்கு ஒருவரை வரச் சொல்லியிருக்கிறோம் என்பதையும் அதே மூலையில், அதே ஐந்து நொடிக்குள் சொல்லிவிட்டுப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. சந்திப்பு என்பது இரண்டு பேர் சம்பந்தப்பட்டது. ஒருவர் தம் கடையை மூடிவிட்டு, பேருந்து பிடித்து, நம்மை நம்பி வருகிறார். அதை நினைவூட்டும் பொறுப்பை ஒரு மென்பொருளிடம் ஒப்படைத்தால், நாம் பார்த்துவிட்டோம் என்று தெரியும்வரை அது இடத்தைவிட்டு நகரக்கூடாது.

நான் வேலை செய்வது மதுரையில் ஒரு வரி ஆலோசனை அலுவலகத்தில். ஒரு திரையில் டேலி கணக்கு மென்பொருளும் மறு திரையில் எக்ஸெலும் திறந்திருக்கும். மாதத்தின் 20-ஆம் தேதி நெருங்கும்போது ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி படிவத்தைத் தாக்கல் செய்யும் நெரிசலும் சேர்ந்துகொள்ளும். பலர் உட்கார்ந்திருக்கும் அறை என்பதால் கணினியின் ஒலியைக் குறைத்தே வைத்திருப்போம். இப்படிப்பட்ட இடத்துக்கு ஏற்ற நாட்காட்டி மென்பொருளைத் தேடத் தொடங்கியபோது வண்ணமோ வடிவமைப்போ எனக்கு முக்கியமாகப் படவில்லை. நினைவூட்டல் தனிச் சாளரமாக வர வேண்டும், மற்றச் சாளரங்களுக்கு மேலே நிற்க வேண்டும், நான் பொத்தானை அழுத்தும்வரை மறையக்கூடாது, கணினி தூங்கியிருந்த நேரத்தில் தவறிப்போனவற்றை விழித்தவுடன் காட்ட வேண்டும். இவ்வளவுதான் என் எதிர்பார்ப்பு. கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றினாலும், இவை நான்கும் ஒரே மென்பொருளில் எதையும் மாற்றாமல் கிடைப்பது அரிது.

இத்தனைக்கும் இது புதிய தேவையே அல்ல. பெர்க்லி யுனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் தொடக்கக் காலப் பதிப்பிலேயே 'லீவ்' என்றொரு சிறிய கட்டளை இருந்தது. எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று அதனிடம் சொல்லிவிட்டால், ஐந்து நிமிடம் முன்பு ஒரு முறை, ஒரு நிமிடம் முன்பு ஒரு முறை, சரியான நேரத்தில் ஒரு முறை, அதன் பிறகு ஒவ்வொரு நிமிடமும் ஒரு முறை என்று முனையத்தில், அதாவது கட்டளைத் திரையில், எழுதிக்கொண்டே இருக்கும். சாதாரணமாக நிரல்களை நிறுத்தும் விசைகளுக்கு அது கட்டுப்படாது. கணினியிலிருந்து வெளியேற வேண்டும், இல்லாவிட்டால் 'கில்' கட்டளையின் கடுமையான வடிவத்தால் அதை முடிக்க வேண்டும். நேரம் வந்துவிட்டது என்பதை மனிதர் எளிதில் ஒதுக்கித் தள்ளிவிடுவார் என்று அதை எழுதியவர் நன்றாக அறிந்திருக்கிறார். இன்றைய நாட்காட்டி மென்பொருள்கள் பலவற்றில் இந்த அறிவு பின்னுக்குப் போய்விட்டது.

அதற்கு ஒரு காரணம், நினைவூட்டலின் பொறுப்பு மூன்று இடங்களில் பிரிந்துகிடப்பது. முதலாவது நாட்காட்டித் தரவு. ஐகேலண்டர் எனப்படும் பொது வடிவம் 1998-இல் ஆர்எஃப்சி 2445 என்ற இணையத் தர ஆவணமாகவும், 2009-இல் அதைத் திருத்திய ஆர்எஃப்சி 5545 என்ற ஆவணமாகவும் வெளிவந்தது. அதில் ஒவ்வொரு சந்திப்புக்குள்ளும் 'வி-அலாரம்' என்றொரு பகுதியை எழுதலாம். எத்தனை நிமிடம் முன்பு ஒலிக்க வேண்டும், ஒலியா, திரைச் செய்தியா, மின்னஞ்சலா, எத்தனை முறை திரும்ப வர வேண்டும் என்பனவற்றை அது குறித்துக்கொள்ளும். திரைச் செய்தி எங்கே தோன்ற வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. அந்த முடிவு இரண்டாவது இடமான நாட்காட்டி மென்பொருளுக்கும், மூன்றாவது இடமான இயங்குதளத்துக்கும் விடப்படுகிறது. நினைவூட்டல் கண்ணில் படவில்லை என்று மென்பொருளை மாற்றிக்கொண்டே போகிறவர்கள் பலரும் மூன்றாவது இடத்தைத் திறந்தே பார்ப்பதில்லை. விண்டோஸுடன் வந்த மெயில், கேலண்டர் செயலிகளுக்கு 2024 டிசம்பர் 31-உடன் ஆதரவு நிறுத்தப்பட்ட பிறகு புதிய நாட்காட்டி தேடியவர்களுக்கும் இதைத்தான் முதலில் சொல்லிவந்தேன்.

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸைத் திறந்து, ஆக்சஸிபிலிட்டி, விஷுவல் எஃபெக்ட்ஸ் என்ற வரிசையில் சென்றால், அறிவிப்புகள் எவ்வளவு நேரம் கழித்து மறைய வேண்டும் என்று கேட்கும் ஒரு பட்டியல் இருக்கிறது. ஐந்து நொடி என்றிருப்பதை ஐந்து நிமிடம்வரை நீட்டலாம். அதே ஆக்சஸிபிலிட்டியில் ஆடியோ என்ற பக்கத்தில், ஒலி அறிவிப்பு வரும்போது திரையையே ஒரு முறை பளிச்சிடச் செய்யும் வசதி உண்டு. செவித்திறன் குறைந்தவர்களுக்காக வைக்கப்பட்ட வசதி இது. ஒலியை அடக்கி வைத்திருக்கும் அலுவலகங்களுக்கும் அதே அளவு பொருந்துகிறது. முழுத் திரையும் பளிச்சிடுவது சிலருக்குக் கண்ணை உறுத்தும் என்பதால், இயங்கும் சாளரம் மட்டும் பளிச்சிடும்படியும் அமைத்துக்கொள்ளலாம். ஐந்து நிமிட நீட்டிப்பில் ஒரு சங்கடம் இருக்கிறது. அது எல்லா அறிவிப்புகளுக்கும் சேர்ந்தே நீள்கிறது. வாட்ஸ்அப் செய்தியும் அதே மூலையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்துகொள்ளும். ஆகவே வேண்டாத செயலிகளின் அறிவிப்புகளை முதலில் நிறுத்திவிட்டுத்தான் நேரத்தை நீட்ட வேண்டும்.

இதைவிட முக்கியமான இடம், அறிவிப்புகளைத் திரையில் எழாமல் அடக்கி வைக்கும் 'டூ நாட் டிஸ்டர்ப்' என்ற அமைப்பு. நாமாக அதை இயக்காவிட்டாலும் சில சமயங்களில் அது தானாகவே இயங்கிக்கொள்ளும்படி விதிகள் இருக்கின்றன: திரையைப் புரொஜெக்டருக்கோ மற்றொரு திரைக்கோ அப்படியே பிரதி எடுத்துக் காட்டும்போது, விளையாட்டு ஓடும்போது, ஒரு செயலியை முழுத்திரையில் பயன்படுத்தும்போது. ஒரு வாடிக்கையாளருக்குப் பெரிய திரையில் கணக்கைக் காட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் அடுத்தவர் வரப்போகிறார் என்பது நமக்குத் தெரிய வேண்டும். சரியாக அந்த நேரத்தில்தான் கணினி வாயை மூடிக்கொள்கிறது. செட்டிங்ஸில் சிஸ்டம், நோட்டிஃபிகேஷன்ஸ் என்ற பக்கத்துக்குப் போனால் இந்தத் தானியங்கி விதிகளின் பட்டியலைக் காணலாம். தேவையில்லாதவற்றை எடுத்துவிடலாம், அல்லது முன்னுரிமை அறிவிப்புகள் என்ற பகுதியில், எந்தச் செயலியிலிருந்து வந்தாலும் நினைவூட்டல்களை மட்டும் அனுமதிக்கும்படி குறியிடலாம். நான் இரண்டாவதையே பரிந்துரைக்கிறேன், ஏனென்றால் வாடிக்கையாளர் முன்னிலையில் மற்ற அறிவிப்புகள் திரையில் வராமல் இருப்பது நல்லதுதான்.

இனி மென்பொருள்களுக்கு வருகிறேன். அலுவலகங்களில் பரவலாக இருக்கும் பழைய வடிவ அவுட்லுக்கில் நினைவூட்டல் தனிச் சாளரமாகவே வருகிறது. சற்று நேரம் தள்ளிவைக்கும் ஸ்னூஸ் பொத்தானையோ நீக்கிவிடும் டிஸ்மிஸ் பொத்தானையோ அழுத்தும்வரை அது போகாது. ஆனால் அது மற்றச் சாளரங்களுக்குப் பின்னால் பிறந்து, பணிப்பட்டையில் தன் குறியை மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கக்கூடும். இதைச் சரிசெய்ய ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு என்று சென்று, ரிமைண்டர்ஸ் என்ற பகுதியில் 'மற்றச் சாளரங்களுக்கு மேலே காட்டு' என்ற பொருள்படும் கட்டத்தைக் குறியிட வேண்டும். அந்தக் கட்டம் குறியிடப்படாமலேதான் வருகிறது. அதற்கு அருகிலேயே, முடிந்துபோன நிகழ்வுகளின் நினைவூட்டல்களைத் தானாக நீக்கிவிடும் கட்டமும் இருக்கிறது. அதை நான் குறியிட மாட்டேன். முடிந்துபோன சந்திப்பானாலும் அது தவறியது எனக்குத் தெரிந்தாக வேண்டும், அவரை அழைத்துப் பேச வேண்டும். ஒரு சந்திப்புக்கு ஒரே ஒரு நினைவூட்டலைத்தான் அவுட்லுக்கில் வைக்க முடியும் என்பது அதன் பெரிய குறை. பதினைந்து நிமிடம் முன்பு ஒன்று, வாசலில் ஆள் வந்து நிற்கும் நேரத்துக்கு ஒன்று என்று இரண்டு வேண்டுமென்றால், முதலில் வந்ததை ஸ்னூஸ் செய்துதான் இரண்டாவதைப் பெற வேண்டும்.

நான் பயன்படுத்துவது மின்னஞ்சலும் நாட்காட்டியும் சேர்ந்த தண்டர்பேர்டு. கட்டணம் இல்லை, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். முன்பு லைட்னிங் என்ற பெயரில் தனி நீட்சியாக இருந்த நாட்காட்டி, 2015-இல் வந்த 38-ஆம் பதிப்பிலிருந்து மென்பொருளுடனேயே சேர்ந்து வருகிறது. அதன் நினைவூட்டல் சாளரத்தில் நிகழ்வின் தலைப்பு, நேரம், இடம் ஆகியவை இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஸ்னூஸ், டிஸ்மிஸ் பொத்தான்கள் உண்டு. எல்லாவற்றையும் மொத்தமாகத் தள்ளிவைக்கவும் முடியும். செட்டிங்ஸில் கேலண்டர் பகுதியில் மூன்று கட்டங்களைக் கவனிக்க வேண்டும்: ஒலி எழுப்புவது, நினைவூட்டல் சாளரத்தைக் காட்டுவது, தவறிய நினைவூட்டல்களைக் காட்டுவது. மூன்றையும் குறியிட்டு வைக்கிறேன். ஒலிக்கு நமக்கு வேண்டிய கோப்பையே கொடுக்கலாம். மின்னஞ்சல் வரும்போது எழும் ஒலியிலிருந்து முற்றிலும் வேறுபட்ட ஒலி வேண்டும் என்பது என் கருத்து. எல்லாம் ஒரே 'டிங்' என்றால் காது ஒரு வாரத்தில் பழகிப்போய் எதையும் பொருட்படுத்தாது.

தண்டர்பேர்டில் புதிதாக ஒரு நிகழ்வைச் சேர்க்கும்போது நினைவூட்டல் இல்லை என்பதுதான் தொடக்க நிலை. பலர் இதைக் கவனிக்காமல், நிகழ்வை மட்டும் பதிந்துவிட்டு நினைவூட்டல் வரும் என்று காத்திருக்கிறார்கள். அதே கேலண்டர் பகுதியில் நிகழ்வுகளுக்கான இயல்பான நினைவூட்டலை இயக்கி, பதினைந்து நிமிடம் என்று வைத்துவிட்டால் இனிச் சேர்க்கும் ஒவ்வொன்றுக்கும் அது தானாக வரும். ஏற்கெனவே பதிந்தவற்றுக்கு நாமே சேர்க்க வேண்டும். நிகழ்வில் 'கஸ்டம்' என்பதைத் தேர்ந்தால் ஒரே சந்திப்புக்குப் பல நினைவூட்டல்களை அடுக்க முடியும், அவுட்லுக்கில் கிடைக்காத அந்த வசதிக்காகவே நான் இதில் நிலைத்துவிட்டேன். மேலும், ஒவ்வொரு நாட்காட்டியின் பண்புகளிலும் நினைவூட்டலைக் காட்டலாமா வேண்டாமா என்ற கட்டம் தனியாக இருக்கிறது. மென்பொருள் திறந்திருந்தால்தான் நினைவூட்டல் வரும் என்பதையும் மறக்கக்கூடாது. விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, 'ஷெல்:ஸ்டார்ட்அப்' என்பதை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தால் திறக்கும் கோப்புறையில் தண்டர்பேர்டின் குறுக்குவழியை வைத்துவிட்டால், கணினியில் நுழைந்தவுடன் அதுவும் எழுந்துவிடும்.

கூகுள் கேலண்டரை உலாவியில் பயன்படுத்துகிறவர்கள் அதன் அமைப்புகளில் அறிவிப்பு என்ற பகுதியைப் பார்க்க வேண்டும். மேசைக்கணினி அறிவிப்பு, குறுக்கிடும் எச்சரிக்கைப் பெட்டி என இரண்டு வகைகள் அதில் இருக்கின்றன. எதைத் தேர்ந்தாலும் உலாவியில் நாட்காட்டி திறந்திருக்க வேண்டும். ஒரு நிகழ்வுக்கு ஐந்து நினைவூட்டல்கள்வரை வைக்கலாம், மின்னஞ்சலாகவும் பெறலாம். முன்பு குறுஞ்செய்தியாகவும் வந்துகொண்டிருந்தது. அதை 2015 ஜூனில் நிறுத்திவிட்டார்கள். சாதாரணக் கைபேசி வைத்திருந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை எங்கள் வாடிக்கையாளர்களில் வயதானவர்களைப் பார்த்து உணர்ந்திருக்கிறேன். கூகுள் கேலண்டரிலேயே இருந்துகொண்டு, நினைவூட்டலுக்கு மட்டும் தண்டர்பேர்டை வைத்துக்கொள்வதும் நல்ல வழி. நாட்காட்டிகளை ஒத்திசைக்கும் கால்டாவ் என்ற நெறிமுறை மூலம் இரண்டையும் இணைத்துவிட்டால், கைபேசியில் பதிந்த சந்திப்பு மேசையில் தனிச் சாளரமாக எழும்.

மேக் கணினியில் விஷயம் எளிது. சிஸ்டம் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸைத் திறந்து, கேலண்டரின் பாணியைச் சில நொடிகளில் மறையும் வகையிலிருந்து, பதில் சொல்லும்வரை நிற்கும் வகைக்கு மாற்றினால் போதும். அந்த நாட்காட்டியில் மேலும் ஒன்று எனக்குப் பிடித்திருக்கிறது: குறித்த நேரத்தில் ஒரு கோப்பைத் திறக்கும்படி நினைவூட்டலை அமைக்கலாம். வருபவரின் கணக்குக் கோப்பே அவர் வரும் நேரத்தில் திரையில் விரிந்து நின்றால் அதைவிடத் தெளிவான நினைவூட்டல் வேறென்ன இருக்க முடியும்? லினக்ஸில் கேடிஇ என்ற மென்பொருள் குழுவினரின் கே-அலாரம் இந்த வகையில் முதன்மையானது. செய்திச் சாளரத்தின் நிறத்தையும் எழுத்தளவையும் நாமே தீர்மானிக்கலாம், ஒலியைத் திரும்பத் திரும்ப எழுப்பச் செய்யலாம், ஒரு கட்டளையை இயக்கச் செய்யலாம். சாளரத்தை மூட முயலும்போது உண்மையிலேயே பார்த்துவிட்டீர்களா என்று மறுபடி கேட்கும்படியும் அமைக்கலாம்.

மடிக்கணினி மூடியிருக்கும்போது எந்த மென்பொருளாலும் பேச முடியாது. தவறியவற்றை விழித்தவுடன் காட்டுவதுதான் அவற்றால் இயன்றது. மிக முக்கியமான ஒரு சிலவற்றுக்கு, எடுத்துக்காட்டாகக் காணொலி வழியாக நடக்கும் வரி விசாரணைகளுக்கு, விண்டோஸில் உள்ள டாஸ்க் ஷெட்யூலரை நான் கூடுதலாகப் பயன்படுத்துகிறேன். குறித்த நாளில் குறித்த நேரத்தில் ஒரு கோப்பைத் திறக்கும்படி அதில் ஒரு பணியை வைத்து, கணினியை எழுப்பி இயக்கு என்ற கட்டத்தையும், நேரம் தவறினால் முடிந்தவரை விரைவில் இயக்கு என்ற கட்டத்தையும் குறியிட வேண்டும். அந்தக் கோப்பில் வழக்கின் குறிப்பும் கூட்டத்துக்கான இணைப்பும் இருக்கும். நாட்காட்டி திறந்திருக்கிறதா இல்லையா என்ற கேள்வியே இதில் எழாது.

எவ்வளவு நல்ல சாளரமானாலும், நாள் முழுவதும் வந்துகொண்டே இருந்தால் கை தானாகவே டிஸ்மிஸ் பொத்தானுக்குப் போகப் பழகிவிடும். எங்கள் அலுவலகத்தில் 7-ஆம் தேதி டிடிஎஸ் எனப்படும் பிடித்தம் செய்த வரியைச் செலுத்துவது, 11-ஆம் தேதி விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி 3பி, ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களில் 15-ஆம் தேதி முன்கூட்டிய வரி என்று கெடு நாள்கள் வரிசையாக இருக்கின்றன. அவை கெடுக்கள், சந்திப்புகள் அல்ல. அவற்றைத் தனி நாட்காட்டியில் முழுநாள் நிகழ்வுகளாக எழுதி, அந்த நாட்காட்டிக்கு நினைவூட்டலையே நிறுத்திவிட்டேன். காலையில் ஒரு முறை பார்த்தால் போதும். சாளரம் எழுந்தால் ஒரு மனிதர் வரப்போகிறார் என்று மட்டுமே பொருள் என்ற நிலை ஏற்பட்ட பிறகுதான் நினைவூட்டலுக்கு மதிப்பு வந்தது. தலைப்பையும் இதே அக்கறையோடு எழுத வேண்டும். 'மீட்டிங்' என்று எழுதிவைத்தால் அந்த நேரத்தில் யார், எதற்கு என்று மறுபடி தேட வேண்டியிருக்கும். 'பாத்திரக் கடைக்காரர் வருகிறார். வங்கிக் கடனுக்கு மூன்று வருட பேலன்ஸ் ஷீட் எடுத்து வை' என்று எழுதினால் சாளரமே வேலையைச் சொல்லிவிடுகிறது.

எதைத் தேர்ந்தாலும் ஒரு சோதனை செய்துவிட்டே நம்ப வேண்டும். மூன்று நிமிடம் கழித்து ஒரு பொய்ச் சந்திப்பை, ஒரு நிமிடம் முன்பு நினைவூட்டும்படி பதிந்துவிட்டு, எக்ஸெலை முழுத்திரையில் விரித்துத் தட்டச்சு செய்துகொண்டிருக்க வேண்டும். அடுத்து திரையைப் பூட்டிவிட்டு ஒரு முறை, மூடியை மூடித் திறந்து ஒரு முறை, புரொஜெக்டர் இணைப்பில் ஒரு முறை பார்க்க வேண்டும். எந்த நிலையில் எது மௌனமாகிறது என்பது அப்போது வெளிப்பட்டுவிடும்.

இந்தச் சோதனையில்தான் மற்றொரு சிக்கலையும் கண்டேன். தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது ஒரு சாளரம் திடீரென்று முன்னால் வந்து விசைப்பலகையையும் தன் வசம் எடுத்துக்கொண்டால், அடுத்து நாம் அழுத்தும் இடைவெளி விசையோ என்டர் விசையோ அதன் பொத்தானில் விழுந்து, படிக்கும் முன்பே நினைவூட்டல் மூடப்பட்டுவிடும். ஒரு செயலி தானாக முன்னால் பாய்வதை விண்டோஸ் பொதுவாகத் தடுத்து, பணிப்பட்டையில் மினுக்க மட்டும் விடுவதற்கு நியாயம் இருக்கிறது. கடவுச்சொல்லைத் தட்டிக்கொண்டிருக்கும்போது வேறொரு பெட்டி குறுக்கே வந்து அதை வாங்கிக்கொள்வது ஆபத்து. ஆகவே நினைவூட்டல் சாளரம் எல்லாவற்றுக்கும் மேலே தெரிய வேண்டும், விசைப்பலகையைத் தொடக்கூடாது. அப்படியே அது முன்னால் வந்தாலும், தோன்றிய முதல் நொடியில் அதன் பொத்தான்கள் செயலற்று இருக்க வேண்டும். ஃபயர்ஃபாக்ஸில் ஒரு நீட்சியை நிறுவ அனுமதி கேட்கும்போது இதே காரணத்துக்காகப் பொத்தான் சற்றுத் தாமதித்தே உயிர்பெறுகிறது. அதே அடித்தளத்தின் மேல் கட்டப்பட்ட தண்டர்பேர்டில் நினைவூட்டல் சாளரத்துக்கும் அந்த ஒரு நொடித் தாமதத்தைக் கொடுத்துவிட்டால், என் அலுவலகக் கணினிகளில் நான் கேட்பதற்கு வேறொன்றும் மிச்சமில்லை.